சென்னை எம்.எஸ்சி. இருக்கிறது, கலிபோர்னியாவில் ஸ்கூல் கவுன்சலர் ஆக மறுபடியும் முழு மாஸ்டர்ஸ் படிக்க வேண்டுமா?

ஆவாரம்பூ

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியா அரசுப் பள்ளியில் ஸ்கூல் கவுன்சலர் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது பி.எஸ்சி. சைக்காலஜி (மூன்று வருடம்), எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி (இரண்டு வருடம்). இரண்டும் சென்னைப் படிப்பு. எச்4 விசா (எச்1பி வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்தது), இ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இருக்கிறது. ஆசிரியர் வேலை பார்த்ததில்லை. வீடு ஃப்ரீமாண்டில்.

விசாரித்தால் ஒருவர், இரண்டு வருட மாஸ்டர்ஸ் மறுபடி படித்தே ஆகணும் என்கிறார். இன்னொருவர், மாஸ்டர்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் "சான்று மட்டும்" என்று ஒரு குறுகிய வழி உண்டு என்கிறார். மூன்றாமவர், சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்கிறார். இதில் எது சரி? எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே காசும் நாளும் வீணாகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோப்புமேசை

மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதில்தான் விஷயம்.

நீங்கள் வாங்க வேண்டிய சான்றின் பெயர் பியூப்பில் பர்சனல் சர்வீசஸ் கிரெடென்ஷியல், எல்லோரும் சொல்வது பி.பி.எஸ். இதில் பள்ளி ஆலோசனை, பள்ளி உளவியல், பள்ளி சமூகப்பணி என்று பிரிவுகள் உண்டு. சைக்காலஜி படித்தவர்கள் பலர் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் பிரிவையும் இதையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பிக்கிறார்கள். அது 60 செமஸ்டர் யூனிட் (படிக்கும் பாடங்களின் அளவு), 1200 மணி நேரக் களப்பணி. வேலையும் வேறு: சோதனைகள் நடத்தி, சிறப்புக் கல்விக்கான அறிக்கை எழுதுவது. நீங்கள் கேட்பது பள்ளி ஆலோசனைப் பிரிவு.

இதற்கு மாநிலம் கேட்பது: இளங்கலைப் பட்டம், அதற்கு மேல் குறைந்தது 48 செமஸ்டர் யூனிட் (காலாண்டு முறைப் பல்கலையானால் 72) பள்ளி ஆலோசனைக்கான முதுகலைப் படிப்பு, 100 மணி நேரப் பிராக்டிகம் (களப்பணிக்கு முந்தைய தொடக்கப் பயிற்சி), 800 மணி நேரக் களப்பணி, கைரேகை சரிபார்ப்பு. ஆசிரியர் அனுபவம் கேட்பதில்லை. சில மாநிலங்களில் இரண்டு மூன்று வருடம் வகுப்பெடுத்திருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் அந்தப் பழைய பேச்சு இங்கேயும் ஓடுகிறது. கலிபோர்னியாவில் அது இல்லை. பாடத்துக்கென்று மாநிலத் தேர்வும் இல்லை. சில பல்கலைகள் தங்கள் இறுதித் தேர்வாக பிராக்சிஸ் என்ற நாடளாவிய தேர்வை வைப்பார்கள், அது அந்தப் பல்கலையின் விதி.

இனி முக்கியமான இடம். சான்று தருவது ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம், சி.டி.சி. அவர்கள் உங்கள் எம்.எஸ்சி.யை எடுத்து வைத்து எடைபோட மாட்டார்கள். அவர்கள் அங்கீகரித்த ஒரு ப்ரோக்ராம், "இவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்" என்று ஆன்லைனில் பரிந்துரை அனுப்பினால்தான் கோப்பு நகரும். ஆகவே எம்.எஸ்சி. செல்லுமா என்று சி.டி.சி.க்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண். கேள்வியைப் பல்கலையிடம் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் பயிற்சி முடித்தவர் என்று நேரடியாக விண்ணப்பிக்கலாமே என்றால், அதற்கு உங்கள் நாட்டில் இதே வேலைக்கான பயிற்சியும் அதற்கு ஈடான உரிமமும் காட்ட வேண்டிவரும். நம் ஊரில் பள்ளி ஆலோசகருக்கு அப்படி அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கதவை மறந்துவிடுங்கள்.

மிச்சம் இரண்டு. ஒன்று, முழு மாஸ்டர்ஸோடு பி.பி.எஸ். மற்றொன்று, நீங்கள் கேள்விப்பட்ட சான்று மட்டும் வழி. இரண்டாவது, ஆலோசனையிலோ அதற்கு நெருங்கிய துறையிலோ மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு. பழைய பாடங்களைப் பல்கலை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது ஒத்துப்போகிறதோ அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் படிக்கச் சொல்லும். பட்டம் தராது, பரிந்துரை மட்டும் தரும்.

இந்திய எம்.எஸ்சி.யில் பொதுவாக ஒத்துப்போவது: ஆலோசனைக் கோட்பாடுகள், மனித வளர்ச்சி, ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும், சில சமயம் குழு ஆலோசனை. ஒத்துப்போகாதது: பள்ளி ஆலோசனையின் அடிப்படைகள், சட்டமும் நெறிமுறையும், கல்லூரி மற்றும் வேலைத் திட்டமிடல், சிறப்புக் கல்வி, பள்ளித் தரவைப் பகுத்துத் திட்டம் வகுப்பது. சட்டப் பாடத்தை எந்தப் பல்கலையும் தள்ளுபடி செய்யாது. இங்கே குழந்தை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தால் ஆலோசகர் உடனே தொலைபேசியில் சொல்லி, 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 வயதோ அதற்கு மேலோ ஆன மாணவர் ஆலோசகரிடம் சொன்னதைப் பெற்றோரிடமே சொல்லக்கூடாத சூழல்கள் கல்விச் சட்டத்தில் உண்டு. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. இதெல்லாம் சென்னைப் பாடத்திட்டத்தில் எங்கிருந்து வரும்?

பிராக்டிகமும் களப்பணியும் கழிக்கப்படாது. சென்னையில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ செய்த பயிற்சி மணிகளை இங்கே கணக்கில் சேர்ப்பார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இந்தியப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன் பல்கலையிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பள்ளி ஆலோசனை ப்ரோக்ராமுக்கு சி.டி.சி. அங்கீகாரம் இருக்கிறதா (ஆணையத்தின் தளத்தில் பட்டியலே இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்). சான்று மட்டும் வழியில் வெளிநாட்டு மாஸ்டர்ஸை ஏற்பீர்களா, அல்லது அமெரிக்க மாஸ்டர்ஸ் மட்டும்தானா. எத்தனை வருடம் பழைய பாடம் வரை செல்லும். என் பள்ளி மாவட்டத்தோடு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) களப்பணி ஒப்பந்தம் இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்கு "அமெரிக்க மாஸ்டர்ஸ் மட்டும்" என்று பதில் வந்தால் அந்தப் பல்கலையோடு பேச்சு முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லை. மதிப்பீடு முடித்துவிட்டு வந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

மாடிப்படி

சிபெஸ்ட் தேர்வை விட்டுவிட்டீர்களே. அடிப்படைத் திறன் தேர்வு எழுதாமல் எதுவும் நடக்காது. முதலில் அதற்குப் படிக்க ஆரம்பியுங்கள்.

கோப்புமேசை

அது 2024 கோடை வரைக்கும் சரி. அந்த ஆண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டமே அடிப்படைத் திறன் நிபந்தனையைத் தீர்த்துவிடும். பழைய வலைப்பக்கங்களும் சில பல்கலைக் கையேடுகளும் இன்னும் சிபெஸ்ட் என்றே எழுதி வைத்திருக்கின்றன, உங்கள்மேல் தப்பில்லை. வெளிநாட்டு இளங்கலையானால் அது அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று மதிப்பீட்டில் வந்திருக்க வேண்டும். மூன்று வருடப் பட்டக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான் வரும்.

நெய்விளக்கு

அந்த மூன்று வருடப் பட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

மதிப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஒன்று பி.எஸ்சி.யை மட்டும் தனியாக எடுத்து "மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு" என்று நிறுத்திவிடும். இன்னொன்று கல்லூரியின் தர அங்கீகாரத்தையும் வகுப்பையும் பார்த்து முழு இளங்கலை என்று எழுதும். மற்றொன்று பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்த்துப் பார்க்கும். அதில் கவனம் வேண்டும்: எம்.எஸ்சி.யின் ஒரு வருடத்தை இளங்கலைக் கணக்கில் இழுத்துக்கொண்டால், முதுகலை யூனிட் குறைந்துவிடும். சான்று மட்டும் வழிக்கு "மாஸ்டர்ஸ் பட்டத்துக்குச் சமம்" என்ற வாசகம் தேவை. அது இல்லாமல் போனால் முழு மாஸ்டர்ஸ்தான்.

சி.டி.சி. ஏற்கும் நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பல்கலையும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கும். இரண்டிலும் இருக்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை கட்டணம். பாடவாரி மதிப்பீடுதான் வேண்டும். பட்டத்தின் பெயரை மட்டும் சொல்லும் பொது மதிப்பீடு விலை குறைவு, இந்த வேலைக்கு உதவாது.

மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது என்பதையும் மனதில் வையுங்கள். "தாள் 4: கவுன்சலிங் ஸ்கில்ஸ், 68 மதிப்பெண்" என்பதைப் பார்த்து இங்கே யாரும் பாடத்தை விலக்க மாட்டார்கள். நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்ட நகல், அலகுவாரித் தலைப்புகளோடு, கல்லூரி முத்திரையோடு வேண்டும். இப்போது தளத்தில் இருக்கும் பாடத்திட்டம் திருத்தப்பட்டதாக இருக்கும், அதை அனுப்பினால் வருடம் பொருந்தாது என்று திருப்பிவிடுவார்கள். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், யாரையாவது அனுப்பி இப்போதே வாங்கி வையுங்கள். மூடி முத்திரையிட்ட உறையில் ட்ரான்ஸ்கிரிப்ட் நேராகப் பல்கலையிலிருந்து வர வேண்டும் என்பார்கள். உறையை நீங்கள் பிரித்தால் போச்சு.

இனிஷியல் தொல்லையும் உண்டு. சான்றிதழில் இனிஷியலோடு ஒற்றைப் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து நிற்கும். பல்கலை ஒரு பெயரில் பரிந்துரைத்து, கைரேகை வேறு பெயரில் போயிருந்தால் இரண்டும் ஒட்டாமல் கோப்பு தூங்கும். தொடக்கத்திலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, பழைய பெயர்களை "முன்னாள் பெயர்" கட்டத்தில் ஒன்றுவிடாமல் போடுங்கள்.

இரண்டாம்மணி

சம்பளத்தோடு படிப்பது பற்றி. அதன் பெயர் இன்டர்ன் கிரெடென்ஷியல். மாணவராக இருக்கும்போதே மாவட்டம் உங்களை ஆலோசகராக வேலைக்கு எடுக்கும், முழுச் சம்பளப் பட்டியலில் வைக்கும். இ.ஏ.டி. இருப்பதால் உங்களுக்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் கேட்பதற்கு இனிக்கும் அளவுக்கு எளிதில்லை.

முதலாவதாக, பி.பி.எஸ். அங்கீகாரம் உள்ள எல்லா ப்ரோக்ராமுக்கும் இன்டர்ன் அங்கீகாரம் இருக்காது. அது தனி. இருந்தாலும் முதல் நாளே தரமாட்டார்கள். பிராக்டிகம் முடித்து, பாடங்களில் ஒரு பங்கு முடித்த பிறகே பல்கலை கையெழுத்திடும். வேலை வாய்ப்புக் கடிதம் முதலில் வர வேண்டும், மாவட்டமும் பல்கலையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்தச் சான்று அந்த மாவட்டத்துக்கு மட்டும்தான் செல்லும். வேலையை விட்டாலும் படிப்பை விட்டாலும் அன்றோடு முடிந்தது. பொதுவாக இரண்டு வருடம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பலரும் தடுக்கிவிழும் இடம் வேறு. 800 மணி நேரக் களப்பணி தொடக்கநிலை, நடுநிலை, உயர்நிலை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு நிலைகளில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 மணி நேரம். நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் முழுநேர இன்டர்னாக இருந்தால் ஒரு நிலை தானாக நிறைந்துவிடும். மற்ற 200 மணியை எப்போது செய்வது? நாளுக்கு 7 மணி என்றால் கிட்டத்தட்ட 29 பள்ளி நாட்கள் உங்கள் இருக்கையை விட்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். தலைமையாசிரியருக்கு அது தலைவலி. "பார்த்துக்கலாம்" என்பார், ஏப்ரல் மாதம் வந்துவிடும். வேலை ஒப்பந்தம் போடும்போதே எந்தெந்த நாட்களில் விடுவிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மாவட்டத்தின் கோடைப் பள்ளியில் நடுநிலை மாணவர்கள் இருந்தால் அங்கே ஒரு பகுதியை முடிக்கலாம். பல்கலை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, இன்டர்னை எடுக்கும் பள்ளி பெரும்பாலும் ஆள் கிடைக்காத பள்ளி. பக்கத்து அறையில் அனுபவமுள்ள ஆலோசகர் இருப்பாரா என்று பாருங்கள். 400 மாணவர்களை ஒப்படைத்துவிட்டு, மேற்பார்வையாளர் வேறு கட்டடத்தில் வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் வருகிறார் என்றால், அமெரிக்கப் பள்ளிக்குள் அப்போதுதான் காலடி வைக்கும் ஒருவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். இங்கேயே பள்ளிப் படிப்பு முடித்து, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இன்டர்ன் வழி நல்லது. உங்களுக்குச் சம்பளமில்லாத களப்பணியே முதல் தேர்வாக இருக்கட்டும்.

ஆவாரம்பூ

மிகவும் நன்றி. சில சந்தேகங்கள். 1) 800 மணி நேரத்தை வாரத்துக்கு எத்தனை மணி என்று வைத்துக்கொள்வது? மதியம் 3 மணிக்கு மேல் வீட்டில் குழந்தை இருக்கும். 2) பள்ளியை நானே தேட வேண்டுமா? 3) பி.பி.எஸ். வாங்கிவிட்டால் பின்னாளில் தனியாக கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா? 4) கணவருக்கு வேலை மாறினால் வேறு மாநிலம் போக வாய்ப்பிருக்கிறது. சான்று கூடவே வருமா?

இரண்டாம்மணி

மணிக்கணக்கு: பள்ளி ஆண்டு 180 நாள், அதாவது 36 வாரம். ஒரே ஆண்டில் 800 என்றால் வாரம் 22 மணிக்குச் சற்று மேல், மூன்று முழு நாட்கள். இரண்டு ஆண்டாகப் பிரித்தால் வாரம் 11 மணி. காகிதத்தில் சரியாக வரும், நடப்பில் வராது. முதல் இரண்டு வாரம் கால அட்டவணை மாற்றும் நெரிசல், விடுமுறைகளை ஒட்டி வரும் அரைகுறை வாரங்கள், ஏப்ரல் மே மாதத் தேர்வுகள். 36 வாரத்தில் 30 வாரம்தான் உருப்படியாகக் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அப்படியானால் ஒரே ஆண்டுக் கணக்கில் வாரம் 27 மணி. பிராக்டிகம் 100 மணியை இதற்கு முன்பே முடித்தாக வேண்டும், இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது.

3 மணிப் பிரச்சினைக்கு ஒரு நல்ல செய்தி: மாணவர்களைப் பார்க்கும் வேலை முழுக்க பள்ளி நேரத்தில்தான். கெட்ட செய்தி: வேலையைக் கற்றுக்கொள்ளும் பல கூட்டங்கள், மாணவர் நிலை ஆய்வுக் குழு, 504 திட்டக் கூட்டம் (மாற்றுத்திறன் உள்ள மாணவருக்கு வகுப்பில் செய்யும் வசதிகள் பற்றியது), சிறப்புக் கல்விக் கூட்டம் எல்லாம் முதல் மணிக்கு முன் அல்லது கடைசி மணிக்குப் பின். பெற்றோர் இரவு, நிதியுதவி விண்ணப்ப இரவு எல்லாம் மாலை 6 மணிக்கு மேல். வாரம் ஒரு நாளாவது மாலைக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மணிப் பதிவை அன்றன்றே எழுதுங்கள். தேதி, பள்ளி, நிலை, என்ன வேலை, எத்தனை மணி. மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்து. அவர் ஜூனில் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் அதற்கப்புறம் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. வகுப்புக்கு மாற்று ஆசிரியராக உட்காரவைத்த நேரம், உணவு இடைவேளைக் காவல், தேர்வு அறைக் காவல் ஆகியவற்றை ஆலோசனை மணியாக எழுதினால் பல்கலை அடித்துவிடும். பள்ளிகள் களப்பணி மாணவரைக் கூலியில்லாத எடுபிடியாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. முதல் வாரத்திலேயே பல்கலையின் கையேட்டை மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கோப்புமேசை

பள்ளி தேடுவது: பல்கலைக்குப் பல்கலை வேறுபடும். அரசுப் பல்கலைகள் பெரும்பாலும் தாங்களே இடம் ஒதுக்கும். ஆன்லைன் தனியார் ப்ரோக்ராம்கள் "இடம் தேடுவது மாணவர் பொறுப்பு" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மேற்பார்வையாளருக்கு அதே பிரிவில் பி.பி.எஸ். இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருட அனுபவமும் வேண்டும். ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் கையெழுத்துப் போட்டால் செல்லாது. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகரே கிடையாது. அதனால் நடுநிலையும் உயர்நிலையும் சேர்ந்த இணைதான் கிடைக்க எளிது.

நேரம் எடுப்பது ஒப்பந்தம். பல்கலைக்கும் மாவட்டத்துக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது பள்ளி வாரியத்தின் கூட்டத்துக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். நட்பான ஆலோசகர் ஒருவர் "எங்க ஸ்கூலுக்கு வாங்க" என்று கூப்பிட்டதை நம்பி ஆகஸ்ட்டில் போய் நின்றால், ஒப்பந்தம் இல்லாததால் முதல் செமஸ்டரே போகும். பல்கலையில் சேரும் முன்பே, நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் எந்தெந்த மாவட்டங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். பட்டியல் தரத் தயங்கும் ப்ரோக்ராம் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கைரேகை: பள்ளிக்குள் போகும் முன் சி.டி.சி.யிடம் சர்ட்டிஃபிகேட் ஆஃப் கிளியரன்ஸ் வாங்க வேண்டும், கட்டணம் 50 டாலர் அளவில், லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) செலவு தனி. 41-எல்.எஸ். படிவத்தைக் கொண்டுபோய் லைவ் ஸ்கேன் செய்துவிட்டு, ஆன்லைன் விண்ணப்பத்தையும் போட வேண்டும். கைரேகை மட்டும் வைத்துவிட்டு விண்ணப்பத்தை மறப்பவர்கள் ஏராளம். மாவட்டம் தன் பங்குக்கு இன்னொரு லைவ் ஸ்கேன் கேட்கும். "ஏற்கெனவே செய்தேனே" என்று வாதாடிப் பயனில்லை, ஒரு அலுவலகத்துக்குப் போன முடிவை இன்னொன்று எடுத்துக்கொள்ளாது. காசநோய் அபாய மதிப்பீடும் கேட்பார்கள். நம் ஊரில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் சோதனை வீங்கிக் காட்டுவது சகஜம். நேராக இரத்தச் சோதனைக்குக் கேட்டால் எக்ஸ்ரே அலைச்சல் மிச்சமாகலாம்.

கட்டணம் பற்றி ஒரு வரி. எச்4இல் இருப்பவர் கலிபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்ததை ஆவணத்தோடு காட்டினால் அரசுப் பல்கலையில் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்கும். எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறினால் அது போய்விடும். கூட்டரசின் கல்விக் கடன் எச்4க்குக் கிடையாது, அதை எதிர்பார்த்துத் தனியார் பல்கலையில் சேர்ந்துவிட வேண்டாம். இ.ஏ.டி. புதுப்பிப்பு தாமதமானாலும் படிப்பைத் தொடரலாம், ஆனால் இன்டர்ன் சம்பள வேலை அந்த நாளோடு நிற்கும். இன்டர்ன் வழிக்கு நான் தயங்க இதுவும் ஒரு காரணம்.

கல்மண்டபம்

உங்கள் மூன்றாவது கேள்விக்கு: முடியாது. பி.பி.எஸ். பள்ளிக்குள் மட்டும் செல்லும். தனியாக ஆலோசனை மையம் வைக்க எல்.பி.சி.சி. (மனநல ஆலோசகருக்கான தொழில் உரிமம்) போன்ற உரிமம் வேண்டும். அதைத் தருவது வேறொரு வாரியம், பிஹேவியரல் சயன்சஸ் வாரியம். அதற்கு 60 செமஸ்டர் யூனிட் பட்டம், பட்டத்துக்குள்ளேயே 280 மணி நேர நேருக்கு நேர் பிராக்டிகம், பட்டத்துக்குப் பின் 3000 மணி நேர மேற்பார்வைப் பணி, தேர்வுகள். 48 யூனிட் பி.பி.எஸ். மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு மேலே 12 யூனிட் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அந்தப் பட்டம் முதலிலேயே அந்த உரிமத்துக்கென வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். பள்ளி மட்டும் போதும் என்றால் சான்று மட்டும் வழிதான் செலவும் காலமும் குறைவு. பின்னால் தனியாகவும் பார்க்கலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எல்.பி.சி.சி.யும் பி.பி.எஸ்.ஸும் சேர்ந்த 60 யூனிட் மாஸ்டர்ஸ் நடத்தும் பல்கலைகள் இருக்கின்றன. உங்களுக்கு அதுவே மேல் என்று நினைக்கிறேன். கோப்புமேசை இதை ஏற்கமாட்டார்.

நான்காவது கேள்வியும் அதற்கே இழுக்கிறது. சான்று தானாகக் கூட வராது, ஒவ்வொரு மாநிலமும் தன் விதிப்படி மறுபடி பார்க்கும். சில இடங்களில் மாஸ்டர்ஸ் பட்டமே ஆலோசனையில் இருக்க வேண்டும், சில இடங்களில் கேக்ரெப் (ஆலோசனைப் படிப்புகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரத்துக்கு மதிப்பு அதிகம், சில இடங்களில் பிராக்சிஸ் பள்ளி ஆலோசகர் தேர்வு கட்டாயம். கேக்ரெப் அளவுகோல் 60 யூனிட், 100 மணி பிராக்டிகம், 600 மணி இன்டர்ன்ஷிப். மணியில் கலிபோர்னியா அதைத் தாண்டிவிடும், யூனிட்டில் உதைக்கும். சான்று மட்டும் வழியில் வந்தவருக்கு இன்னொரு மாநிலம் "உங்கள் மாஸ்டர்ஸ் வெளிநாடு, சான்றுப் படிப்பு பட்டமில்லை" என்று இரண்டு பக்கமும் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. எச்1பி குடும்பங்கள் வேலை மாறி ஊர் மாறுவது வழக்கம்தானே.

கோப்புமேசை

ஏற்கத்தான் மாட்டேன், பாதியளவு. மாநிலம் மாறும் வாய்ப்பு உண்மையாகவே அதிகமானால் கல்மண்டபம் சொல்வது சரி. ஃப்ரீமாண்டிலேயே இருப்பீர்கள் என்றால், "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுக்கும் கூடுதல் யூனிட்டுகளுக்குத் தனியார் கட்டணம் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எப்படியானாலும் பாடத்திட்ட நகல்கள், மணிப் பதிவுகள், மேற்பார்வையாளரின் சான்று எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வேறு மாநிலம் கேட்பது அதைத்தான்.

பலாச்சுளை

வேலை தேடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. எட்ஜாயின் என்ற பள்ளி வேலைவாய்ப்புத் தளத்தில்தான் பெரும்பாலான மாவட்டங்கள் போடும். காலம் முக்கியம். மார்ச் 15க்குள் மாவட்டங்கள் ஆட்குறைப்பு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், இறுதி அறிவிப்பு மே 15க்குள். பட்ஜெட் இறுக்கமான ஆண்டில் அதுவரை புது இடங்களைத் திறக்கமாட்டார்கள். அப்புறம் ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை ஒரே ஓட்டம். மே மாதம் பட்டம் முடிக்கிறவர் பிப்ரவரியிலேயே பரிந்துரைக் கடிதங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தளத்தில் மூன்று கடிதம் ஏற்றாமல் விண்ணப்பத்தை முடிக்கவே விடாத மாவட்டங்கள் நிறைய. கடிதம் அண்மைக் காலத்தில் தேதியிட்டதாக இருக்கட்டும்.

நேர்காணலில் கோட்பாடு கேட்பது குறைவு. ஒரு மாணவரின் மதிப்பெண் பதிவைக் கையில் கொடுத்து, கலிபோர்னியா அரசுப் பல்கலைகளில் சேர உயர்நிலைப் பள்ளியில் முடிக்க வேண்டிய, ஏ முதல் ஜி வரையிலான 15 பாடங்களில் எது குறைகிறது என்று கேட்பார்கள். இரண்டாம் ஆண்டு வரலாறு, மூன்றாம் ஆண்டுக் கணக்கு, ஒரே பிறமொழியில் இரண்டு வருடம் இருக்கிறதா, டி மதிப்பெண் வாங்கிய பாடத்தை என்ன செய்வது. இங்கே பள்ளிப் படிப்பு படிக்காதவர்கள் தடுமாறுவது இதில்தான், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியில் அல்ல. களப்பணியில் குறைந்தது 50 மாணவர் பதிவுகளை நீங்களே பார்த்துக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஆஸ்கா (அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம்) தேசிய மாதிரியின் நான்கு பகுதிகளும் நாக்கு நுனியில் இருக்கட்டும். ஒரு ஆலோசகருக்கு 250 மாணவர் என்று ஆஸ்கா சொல்லும். அப்படி ஒரு பள்ளியை கலிபோர்னியாவில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சம்பளப் பட்டியலில் உங்களை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்பது இளங்கலைக்கு மேல் எத்தனை யூனிட் என்பதைப் பொறுத்தது. சென்னை எம்.எஸ்சி. யூனிட்டுகள் இங்கே காசாக மாறும். வேலையில் சேர்ந்ததும் மதிப்பீட்டு அறிக்கையை மனிதவளத் துறையிடம் கொடுங்கள். கெடு தேதி உண்டு, தாண்டினால் அந்த வருடம் குறைந்த கட்டத்திலேயே நிற்க வேண்டும்.

ஆவாரம்பூ

பாடத்திட்ட நகல் வாங்க அக்காவைக் கல்லூரிக்கு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: படிப்பு மே மாதம் முடிந்து, சான்று அச்சாகி வருவதற்குள் ஆகஸ்ட்டில் பள்ளி திறந்துவிட்டால்?

கோப்புமேசை

அச்சாகி எல்லாம் வராது, சி.டி.சி. தளத்தில் உங்கள் பெயரில் பதிவாகும், அதுதான் சான்று. பட்டப் பதிவு ஏறிய பிறகே பல்கலையின் கிரெடென்ஷியல் அனலிஸ்ட் பரிந்துரை அனுப்புவார். மே கடைசியில் அந்த மேசையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் குவிந்திருக்கும். வெளியேறும் விண்ணப்பம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். பரிந்துரை ஏறியதும் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அதில் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லி 100 டாலர் அளவில் கட்டினால்தான் விண்ணப்பம் போனதாகக் கணக்கு. அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்து ஜூலை வரை காத்திருப்பவர்கள் உண்டு. பல்கலை மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காதீர்கள், பட்டம் முடிந்ததும் அது முடங்கலாம்.

அப்படியும் தாமதமானால், விண்ணப்பம் சி.டி.சி.யில் நிலுவையில் இருக்கும்போது மாவட்டம் கவுண்டிக் (பல ஊர்கள் சேர்ந்த ஆட்சிப் பகுதி) கல்வி அலுவலகத்தில் தற்காலிகக் கவுண்டிச் சான்று கேட்கலாம். அதை வைத்து வேலையில் சேரலாம், சம்பளமும் வரும். நீங்கள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள், மாவட்டத்தின் மனிதவளத் துறைதான் கேட்க வேண்டும். வேலை ஒப்புக்கொள்ளும் அன்றே இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள். கிளியரன்ஸ் சான்று செல்லும் ஐந்து வருடம் நடுவில் தீர்ந்துபோகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.